மனைப்படம் வரையும் கருவி

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் பெருவழிக்குக் கிழக்கே, கடலை அடுத்து அமைந்த சிற்றூர் பனித்திட்டு. அது பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து ஊர்களைத் தாக்கியதை நீங்கள் பெரியோர்பால் கேட்டிருப்பீர்கள். இன்று இத்தகைய ஊர்களில் வீடு கட்ட விழையும் ஒருவர், கொத்தனாரை அழைப்பதற்கு முன் படம் வரைபவரையே நாடவேண்டும். ஆட்சியாளர் இசைவு தருதற்கு வரைபடம் வேண்டும். வங்கி கடன் தருதற்கும் அது வேண்டும். ஆதலின், தொழிற்பயிற்சி நிலையத்திலோ பல்தொழில் நுட்பக் கல்லூரியிலோ கட்டட வரைவு கற்று, ஊரிலேயே ஒரு மேசையும் கணினியும் இட்டுப் பிழைக்கலாம் என்று இளைஞன் ஒருவன் எண்ணுவது இயல்பே. அவன்முன் எழும் முதல் வினா, எந்த மென்பொருளைக் கொள்வது என்பது. கைப்பொருளோ சிறிது; கடையில் பெயர்பெற்ற மென்பொருளின் விலையோ பெரிது.

வீட்டை எழுப்புமுன் அளந்து குறிக்கும் வழக்கம் நமக்குப் புதியது அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நண்பகலில் நட்ட கோல்களின் நிழலைக்கொண்டு திசை கண்டு, கயிறு இட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தியைக் கூறுகின்றது. அக்காலத்தில் மண்ணே தாள், கயிறே கோடு. பின்னாளில் வரைபலகையும் மட்டக்கோலும் வந்தன. புதுச்சேரி நகரில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த ‘கோல்கொண்டா’ என்னும் விடுதியைக் கண்டவர் வியவாதிரார். செக் நாட்டிற் பிறந்த அந்தோனின் ரேமண்டு என்னும் கட்டடக் கலைஞர் 1930-களில் வகுத்த கட்டடம் அது. அதன் படங்கள் யாவும் கையால் எழுதப்பெற்றவையே. எனவே, கணினி இல்லையேல் நல்ல வீடு இல்லை என்று எவரும் மயங்க வேண்டா.

ஆயினும் கைப்படத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒரு சுவரை அரையடி நகர்த்த வேண்டின், மைக்கோட்டைச் சவர அலகால் சுரண்டி அழிக்கவேண்டும். பலமுறை சுரண்டினால் தாள் கிழியும். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையவும் வரைந்ததைத் திருத்தவும் வழி கண்டு காட்டினார். அதன் வழித்தோன்றல்களே இன்றைய வரைவு மென்பொருள்கள். 1982-ஆம் ஆண்டு ஆட்டோடெசுக்கு என்னும் நிறுவனம் ஆட்டோகேட் என்பதைச் சிறு கணினிக்கு ஏற்றவாறு வெளியிட்டது. அது உலகெங்கும் பரவி, வரைவு என்றாலே அதன் பெயரைச் சொல்லும் அளவிற்கு வழக்கூன்றியது.

மென்பொருள் இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வோம். அது கோட்டை ஓவியமாக நினைவில் வைப்பதில்லை. தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியுமாகிய எண்களாகவே வைக்கின்றது. கணக்கு நூலில் நீங்கள் கற்கும் ஆயத்தொலைவு இதுவே. ஆதலின் திரையில் வீட்டை உண்மையளவிலேயே வரையலாம். தாளில் அச்சிடும்போதுதான் நூறில் ஒரு பங்காகவோ ஐம்பதில் ஒரு பங்காகவோ சுருக்குகின்றோம். சுவர், கதவு, மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வரைந்து, வேண்டியதை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கலாம். ஒரு கதவை ஒருமுறை வரைந்தால், அதனையே பத்து இடங்களில் பதிக்கலாம்.

இவ்வெண்களில்தான் தொடக்கநிலையார் இடறுகின்றனர். கொத்தனார் ‘பத்தடி ஆறங்குலம்’ என்பார். அதனைக் கேட்ட இளைஞன், அடியையே அலகாகக் கொண்ட கணினியில் 10.6 என்று பதிப்பான். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் ஆதலின், பதிக்க வேண்டியது 10.5 ஆகும். 10.6 என்பது பத்தடி ஏழேகால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. ஓர் அறைக்கு ஓர் அங்குலத்திற்கு மேல் மிகுந்தால், வரிசையாக நிற்கும் மூன்று அறைகளுக்கு மூன்றரை அங்குலத்திற்கு மேல் மிகும். முப்பதடி அகல மனையில் அது அண்டை வீட்டான் எல்லையைத் தொடும், வழக்கும் தொடங்கும்.

புதுச்சேரிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் எச்சமாக, இங்கே நில ஆவணங்கள் எக்டேர், ஆர், சென்டியார் என்னும் அளவுகளால் எழுதப்பெறும். ஒரு சென்டியார் ஒரு சதுரமீட்டர். நூறு சென்டியார் ஓர் ஆர். முப்பதடிக்கு நாற்பதடி மனையின் பரப்பு 1200 சதுரஅடி. அஃதாவது ஏறத்தாழ 111.5 சதுரமீட்டர். ஆவணத்தில் அஃது 1 ஆர் 11 சென்டியார் என்று நிற்கும். வீட்டுக்காரர் அடியில் பேசுவார். ஆவணமோ மீட்டரில் பேசும். ஆதலின் அலகினை மாற்றிக்கொள்ள இடந்தரும் மென்பொருளையே தேர்தல் வேண்டும். ஓர் அடி 0.3048 மீட்டர் என்பதை மனப்பாடம் செய்துகொள்க.

இனி, விலையைப் பற்றிப் பேசுவோம். முன்னாளில் மென்பொருளை ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால், அஃது என்றும் நம்முடையது. ஆட்டோடெசுக்கு நிறுவனம் 2016-ஆம் ஆண்டோடு அவ்விற்பனையை நிறுத்தி, புதிதாக வாங்குவோர்க்கு வாடகை முறையை வைத்தது. பணம் நின்றால் கருவியும் நிற்கும். மாதம் இரண்டு மூன்று படம் மட்டுமே வரையும் சிற்றூர்த் தொழிலாளிக்கு, ஆண்டுதோறும் பல்லாயிரம் ரூபாய் வாடகை செலுத்துதல் சுமையே. மாணவர்க்கு அந்நிறுவனம் தன் மென்பொருளைக் கல்விக்காக விலையின்றித் தருகின்றது. கற்பதற்கு அதனைப் பெறுதல் நன்று. வேலைக்கு எடுப்போர் பலர் அதனையே கேட்கின்றனர். ஆனால் அதனைக்கொண்டு கூலிக்குப் படம் வரைதல் உடன்பாட்டுக்கு மாறானது.

‘நகல் எடுத்துக்கொண்டால் போயிற்று’ என்பாரும் உளர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டுக் கணினி நிரல்களையும் தன் காப்பில் கொண்டது. களவு நகல் என்று அறிந்தே அதனைக் கணினியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்பெறும் என்பது 1994-ஆம் ஆண்டுத் திருத்தம். களவு நகலோடு நச்சுநிரல் ஒட்டிவந்து ஓராண்டு உழைப்பை ஓரிரவில் அழிப்பதும் உண்டு.

விலையின்மையிலும் இருவகை உண்டு. ஆங்கிலத்தில் இரண்டனையும் ஒரே சொல்லால் குறித்து மயங்குவர். தமிழில் அம்மயக்கம் இல்லை. ஒன்று இலவசம், மற்றொன்று கட்டற்றது. உடையவன் இன்று விலையின்றித் தருவது இலவசம். எவரும் பயன்படுத்தவும், உள்ளமைப்பை ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிப்பது கட்டற்ற மென்பொருள். இவ்வேறுபாடு வெறுஞ்சொல் ஆராய்ச்சி அன்று. டிராஃப்ட்சைட் என்னும் வரைவு மென்பொருளைத் தசோல் சிசுடம்சு என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2010-ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிவந்தது. பல நாடுகளில் சிறுதொழில் புரிவோர் அதனை நம்பிப் பழகினர். 2019-ஆம் ஆண்டு முடிவோடு இலவசப் பதிப்பு இயங்காது நின்றது. விலை கொடுக்க இயலாதவர் வேறு கருவி தேடி அலைந்தனர்.

கட்டற்றவற்றுள் வீட்டுப் படத்திற்கு ஏற்றது லிப்ரேகேட். கியூகேட் என்னும் மென்பொருளின் பொதுப் பதிப்பிலிருந்து கிளைத்தது அது. தளப்படம், முகப்புப் படம், வெட்டுமுகப் படம் ஆகிய தட்டைப் படங்களை அதில் செம்மையாக வரையலாம். பழைய கணினியும் அதனைத் தாங்கும். என் கருத்தில் ஊர்ப்புறத்து இளைஞன் தொடங்கவேண்டிய இடம் இதுவே. கியூகேட்டிலும் விலையில்லாப் பொதுப்பதிப்பு உண்டு. கூடுதல் வசதி வேண்டுவோர் அதன் தொழிற்பதிப்பை ஒருமுறை விலை கொடுத்து வாங்கலாம். ஃப்ரீகேட் என்பது வீட்டை நீள அகல உயரங்களோடு திரண்ட வடிவாகவே எழுப்புவது. அதன் 1.0 என்னும் பதிப்பு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. ஆற்றல் மிக்கது, ஆனால் கற்கப் பொறுமை வேண்டும், நல்ல கணினியும் வேண்டும். ‘சுவீட் ஓம் 3டி’ என்பது அறைகளில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் காட்டுவது. படத்தைக் கண்டு வீட்டை எண்ணிப் பார்க்க இயலாத வீட்டம்மையார்க்கு, அடுக்களையில் தாம் எங்கே நிற்போம் என்று காட்ட உதவும். இசைவுக்குத் தரும் படத்திற்கு அது போதாது.

லிப்ரேகேட்டின் குறையையும் மறைத்தல் கூடாது. ஆட்டோகேட்டின் கோப்பு ‘டிடபிள்யூஜி’ என்னும் வகையினது. அவ்வகைக் கோப்பை லிப்ரேகேட் எழுதாது. படிப்பதும் எப்போதும் முழுமையாக அமையாது. அது எழுதுவது ‘டிஎக்ஸ்எஃப்’ என்னும் வகை. மென்பொருள்கள் தம்முள் படங்களை மாற்றிக்கொள்வதற்கென அதே ஆட்டோடெசுக்கு நிறுவனம் அமைப்பை வெளியிட்ட வகை அது. ஆட்டோகேட்டும் அதனைத் திறக்கும். ஒன்றனை மற்றொன்றாக மாற்றித்தரும் சிறு நிரல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும், கையொப்பமிடும் பொறியாளர் எவ்வகைக் கோப்பு கேட்பார், அலுவலகம் எவ்வகையை ஏற்கும் என்பவற்றை முதலில் வினவி அறிந்தபின்னரே கருவியைத் தேர்க. கருவியை வாங்கிவிட்டுப் பின்னர் வினவுவது, செருப்பை வாங்கியபின் காலை அளப்பது போலாம்.

மென்பொருள் அறியாதனவும் சில உள. பனித்திட்டு போன்ற கரையோர ஊரில், மனை உயரலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பார்க்கவேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதன்முதல் வெளிவந்து, 2011-இலும் 2019-இலும் புதிதாக்கப்பெற்றது. அதன் வரம்புக்குள் வரும் மனையில் எத்துணை அழகிய படம் வரைந்தாலும் தனி இசைவின்றிச் சுவர் எழாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாழும் அறையின் அகலம் 2.4 மீட்டருக்கும் உயரம் 2.75 மீட்டருக்கும் குறையலாகாது என்கின்றது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் படுக்கையறை வரைந்தாலும் கணினி ஒரு சொல்லும் மறுத்துரையாது. படத்தில் கையொப்பமிடும் உரிமையும் அதற்கெனப் பதிவுபெற்றவர்க்கே உண்டு, வரைபவன் வரைபவனே.

இறுதியாக, அச்சு. முப்பதடிக்கு நாற்பதடி மனை, ஐம்பதில் ஒரு பங்கு அளவில் 18.3 சென்டிமீட்டர் அகலமும் 24.4 சென்டிமீட்டர் நீளமும் ஆகும். 21-க்கு 29.7 சென்டிமீட்டர் கொண்ட ஏ4 தாளில் அஃது அடங்கும். ஆனால் அளவுக்கோடுகளும் பெயர்ப்பட்டியும் எழுத இடம் நெருங்கும். ஆதலின் இருமடங்கு பெரிய ஏ3 தாளைக் கொள்க. அச்சிடும் பெட்டியில் ‘தாளுக்குப் பொருத்துக’ என்னும் குறி இயல்பாகவே இடப்பட்டிருப்பதுண்டு. அதனை நீக்காவிடின் படம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்கிப்போகும், கண்ணுக்கும் தெரியாது. படத்தின் அடியில், தாளில் பத்துச் சென்டிமீட்டர் வரவேண்டிய கோடு ஒன்றனை வரைந்து வைத்து, அச்சிட்டவுடன் பள்ளியில் பயன்படுத்தும் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்க்க. கோடு பத்துக்குக் குறைந்து நின்றால் அத்தாளைக் கிழித்துவிட்டு, குறியை நீக்கி மீண்டும் அச்சிடுக.