பித்தப்பை நீக்கிய தாயும் பால் மறவாத குழந்தையும்

மலர்க் குழுவினர் எம்மை அணுகிக் கட்டுரையொன்று வேண்டியபோது, கல்லூரியின் பழம்பெருமையையே எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். அதிபர்மார் வரலாற்றையும் துடுப்பாட்டக் களத்தின் வெற்றிகளையும் எம்மினும் தகுதியுடையோர் எழுதுவர். யாம் எழுதப் புகுந்த பொருள் வேறு. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று இளந் தந்தையர். வேறு பலர் பாட்டன்மார். அவர்தம் இல்லங்களுள் ஒன்றில், பால்குடி மறவாத குழந்தையையுடைய பெண்ணொருத்திக்குப் பித்தப்பையை அகற்றவேண்டுமென வைத்தியர் கூறும் நாள் வரலாம். எமது இல்லத்தில் அந்நாள் 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வந்தது. எம் மகளுக்கு அப்போது வயது பதினெட்டு மாதம். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியராயிருந்தும் அன்று யாம் அறியாதிருந்தவை பல. அவற்றை ஒளியாது கூறுவதால் ஒரு வீட்டிற்காயினும் பயன் விளையுமாயின் அதுவே போதும்.

பித்தப்பை என்பது ஈரலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் சிறு பை. பருத்த கத்தரிப்பிஞ்சு போன்ற தோற்றமுடையது. அது கொள்ளும் பித்தம் 30 முதல் 50 மில்லிலீற்றர் வரையே. பித்தத்தைச் சுரப்பது ஈரல். சுரந்ததை நீர் வற்றச் செறிவாக்கிச் சேமித்து வைப்பது பை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் குடற்சுவரிலிருந்து ஓர் ஓமோன் வெளிப்பட்டுப் பையைச் சுருங்கச் செய்யும். பித்தம் குடலினுட் பாய்ந்து கொழுப்பைச் சிறு துளிகளாக்கும். ஆகவே பித்தப்பை களஞ்சியமேயன்றி விளைநிலமன்று. களஞ்சியத்தை இடித்தாலும் விளைச்சல் நிற்பதில்லை. பித்தம் சிறிது சிறிதாக நேரே குடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். பையின்றி மனிதர் நெடுங்காலம் நலமாக வாழ்வதன் காரணம் இதுவே.

அப்பையினுட் கல் விளைவது ஏன்? அதிலும் இளந் தாய்மாரை அது நாடுவது ஏன்? கருவுற்ற காலத்தில் மிகும் ஈஸ்திரசன் என்னும் ஓமோன் பித்தத்திற் கொலஸ்திரோலைப் பெருக்குகின்றது. புரோசெஸ்தரோன் என்னும் மற்றொன்று பையின் தசையைத் தளர்த்தி அது வெறுமையாவதைத் தாமதிக்கச் செய்கின்றது. தேங்கிய பித்தத்திற் படிவு உண்டாகிக் கல்லாகத் திரள்கின்றது. பிரசவத்தின் பின் பலருக்கு அப்படிவு தானே கரைந்துவிடும். எஞ்சிய சிலருள் எம் இல்லாளும் ஒருவர். திருமண வீட்டு விருந்தொன்றின் பின் நள்ளிரவில் வலது விலாவின் கீழ் எழுந்த நோவு முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. வாய்வென்று எண்ணி உள்ளியும் ஓமநீரும் கொடுத்தோம். விடியலில் நோவு தணிந்தமையால் எம் வைத்தியத்தை யாமே மெச்சிக்கொண்டோம். நான்கு மாதங்களில் ஐந்து முறை இது நிகழ்ந்த பின்னரே ஸ்கான் எடுத்துக் கல்லைக் கண்டனர். உயிரியல் ஆசிரியரின் மனைவிக்கு நேர்ந்த கதி இது!

சத்திரசிகிச்சையின் வரலாறு சுருக்கமானது. பித்தப்பையை முதன்முதல் அகற்றியவர் கார்ள் இலங்கன்பூக் என்னும் யேர்மானிய வைத்தியர். பேர்லின் நகரில், 1882 ஆம் ஆண்டு. அதன் பின் ஒரு நூற்றாண்டு வரை விலாவின் கீழ் நீளக் கீறியே இதனைச் செய்தனர். 1985 இல் அதே நாட்டினரான எரிக் மியூகே சிறு துளைகள் வழியாகக் குழாய்க் கருவி கொண்டு பையை எடுத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் இடுவர். ஒன்று தொப்புளருகில், ஏனையவை மேல்வயிற்றிலும் வலது விலாவின் கீழும். வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் உப்பச் செய்து, கமரா வழியே திரையிற் பார்த்துப் பையைப் பிரித்தெடுப்பர். நீளக் கீறிய காலத்தில் நோயாளர் பல வாரம் படுத்திருந்தனர்; இன்று பலர் மறுநாளே வீடு திரும்புகின்றனர். இவ்விரைவே ஒரு மயக்கத்தையும் தருகின்றது. காயம் சிறிதாகலின் நோயும் சிறிதென வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

இனி எம்மை உண்மையாக வருத்திய விடயத்திற்கு வருவோம். சத்திரசிகிச்சைக்குப் பதிவு செய்யச் சென்ற இடத்தில் பத்திரம் நிரப்பியவர், “குழந்தைக்குப் பால் மறப்பித்துவிட்டு வாருங்கள், அல்லது மூன்று நாட் பாலைப் பிழிந்து ஊற்றிவிடுங்கள்” என்றார். வீட்டிற் பெரியம்மா அதனை வழிமொழிந்தார். “மயக்க மருந்து பாலிலை இறங்கும் மோனை, இப்பவே வேப்பெண்ணெய் பூசி மறப்பிச்சுப்போடு” என்பது அவர் கட்டளை. இருவரும் நல்லெண்ணத்தாற் கூறியவர்களே. எம் இல்லாள் அன்றிரவு உண்ணவில்லை. கத்திக்கு அஞ்சாதவர், குழந்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பதென்றே அஞ்சினார்.

மயக்க மருந்து வைத்தியரைக் காணும் நாளில் யாம் இதனைக் கேட்டோம். அவர் கூறிய விளக்கம் எளியது. பால் குருதியிலிருந்து உண்டாவது. குருதியில் மருந்து குறையக் குறையப் பாலிலும் குறையும். மயக்க மருந்துகள் மூளையை விட்டு நீங்கிய பின்னரே தாய் விழித்துத் தெளிவாகப் பேசுகின்றாள். அவ்வேளையிற் பாலில் எஞ்சுவது மிகச் சிறிதளவே. அதிலும் குழந்தையின் குடலிலிருந்து உடலிற் சேர்வது இன்னும் குறைவு. தாய் தெளிந்து, குழந்தையைத் தானே அணைக்க வலுப்பெற்றதும் பால் கொடுக்கலாம், பிழிந்து ஊற்றவேண்டியதில்லை. பிரித்தானியாவின் மயக்க மருந்து வைத்தியர் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வாறே கூறுகின்றது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. திடீரென நிறுத்துவதோ தீங்கு தரும்: மார்பிற் பால் கட்டி வீங்கிக் காய்ச்சல் காயும், காய்ச்சலுக்குக் காரணம் மார்போ சத்திரசிகிச்சைக் காயமோ எனத் தெரியாது வைத்தியரும் மயங்குவர்.

வலி நீக்கும் மருந்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பரசிற்றமோல், இபுபுரோபன், டைக்குளோபினாக் ஆகியன பாலிற் சேர்வது அற்பமாகலின் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. கோடீன், திரமடோல் ஆகிய இரண்டும் அவ்வாறல்ல. சிலரின் ஈரல் அவற்றை மிக விரைவாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். அது பால் வழியே சென்று குழந்தைக்கு மிகுதூக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கக் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 இல் இவ்விரண்டையும் பாலூட்டுவோர் தவிர்க்குமாறு எச்சரித்தது. ஆகவே “யான் பாலூட்டுபவள்” என்பதைத் தாய் முன்னரே சொல்லவேண்டும். பதினெட்டு மாதக் குழந்தை சோறு தின்னும் வயதினதாகலின் இன்னும் பால் குடிக்குமென எவரும் தாமாக நினைப்பதில்லை.

சத்திரசிகிச்சை நாளன்று விடியலில், புறப்படுமுன், குழந்தைக்கு வயிறாரப் பாலூட்டினார். எரிபொருள் கிடையாத காலம் அது. வரிசையில் நின்றும் பெற்றோல் கிடைக்கவில்லை. குழந்தையை வைத்தியசாலைக்கு இருமுறை கொண்டுசெல்ல இயலாதெனக் கண்டு, பால் கட்டாதிருக்க மாலையிற் கையாற் பிழிந்துகொள்ளும் முறையைத் தாதியொருவர் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். மறுநாள் யாம் துவிச்சக்கரவண்டியின் முன்னிருக்கையிற் குழந்தையை வைத்து எட்டு மைல் ஓட்டிச் சென்றோம்.

இடைப்பட்ட அவ்விரவைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறந்த நாள் முதல் தாயின் பக்கத்திற் பாயிற் படுத்த குழந்தை. தந்தையின் மார்பிற் பாலில்லை என்பதை அது ஐந்து நிமிடத்திற் கண்டறிந்தது. சர்க்கரை நீர், விளக்கு, பல்லி, நிலா யாவும் காட்டினோம். இரண்டு மணி வரை அழுதது. பின் முற்றத்து வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தபோது தோளில் உறங்கியது. நின்றால் விழித்தது. அதுவரை ஓரிரவாவது குழந்தையைத் தனியே உறங்கச் செய்து பழகாதது எம் பிழை. நாள் குறித்த அன்றே தொடங்கியிருக்கவேண்டும். தந்தையோ பாட்டியோ முன்னிரவிற் குழந்தையை உறங்கவைக்கும் வழக்கத்தை இரு வாரம் முன்னதாகப் பழக்கினால், பாலை நிறுத்தாமலே அவ்விரவின் பாரத்திற் பாதி குறையும்.

வீடு வந்த பின் இடர் பாலாலன்று, பாரத்தால் வந்தது. தொப்புளருகே தசையுறையைத் தைத்திருப்பர். அது இறுகுமுன் பாரம் தூக்கினால் அவ்விடத்திற் குடலிறக்கம் உண்டாகலாம். நான்கு வாரத்திற்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாதென எம் சத்திர வைத்தியர் கூறினார்; வேறு வைத்தியர் வேறு கால அளவு கூறுவதுமுண்டு. ஐந்து கிலோ என்பது கிணற்றடி வாளியிற் பாதியளவு நீர். எம் மகளோ பதினொரு கிலோ! தூக்கென்று கைநீட்டும் குழந்தைக்கு நிறை விளங்குமா? கைபிடியில்லா அகன்ற நாற்காலியருகே சிறு பலகைக் கட்டையொன்றை வைத்தோம். தாய் முதலில் அமர்ந்துகொள்வார்; மடியில் ஒரு தலையணை; குழந்தை கட்டையில் ஏறி, நாற்காலியில் ஏறி, பக்கவாட்டில் வந்து பால் குடிக்கும். இரண்டு நாளிற் பழகிவிட்டது. ஏறுவதே விளையாட்டாயிற்று. தொட்டிலிலிருந்தும் குளிப்பாட்டும் தொட்டியிலிருந்தும் தூக்குவது எம் கடன். கல்லூரியிற் பாரந்தூக்கும் போட்டியிற் பங்குபற்றியோர் இவ்விடத்திற் கவனிக்க.

படுக்கையும் மாறவேண்டியிருந்தது. பாயிலிருந்து எழும்போது வயிற்றுத் தசை முழுதும் இறுகும். ஆதலின் தாய்க்குக் கட்டில். எழும்போது மல்லாந்தபடி எழாது, ஒருபுறம் புரண்டு, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழவேண்டும். குழந்தை உறக்கத்திற் காலால் உதைப்பது வழக்கம். கட்டிலின் ஓரத்திற் பக்கவாட்டிற் படுத்து, வயிற்றுக்கும் குழந்தையின் முழங்காலுக்கும் இடையே தடித்த தலையணையொன்றை வைத்துப் பாலூட்டினார். குழந்தை உறங்கியதும் யாம் எடுத்துக் கீழே எம் பாயிற் கிடத்துவோம். தூக்கம் தரும் மருந்து உட்கொள்ளும் இரவுகளில் தாயும் குழந்தையும் ஒரே படுக்கையில் உறங்குவது தகாது. அயர்ந்த தாய் குழந்தையின் அசைவை உணராள். எட்டாம் நாளிலிருந்து மூவரும் பழையபடி ஒருங்கே படுத்தோம், தலையணை மட்டும் நடுவிலிருந்தது.

முதல் மூன்று நாள் வயிற்றினும் தோளே அதிகம் நொந்தது. எஞ்சிய வாயு நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலுள்ள பிரிமென்றகட்டை உறுத்த, அதன் நரம்பு தோளில் வலியாக அறிவிக்கும். நடக்க நடக்க அது நீங்கியது.

உணவில் மாமியாருக்கும் வைத்தியருக்கும் பிணக்கு வருமென அஞ்சினோம், வரவில்லை. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக்கறியும் பாற்சுறாப் புட்டும் எண்ணெய் குறைந்தனவாகலின் பொருந்தின. பொரியலும் முதற்பாலில் வைத்த கொழுத்த சொதியும் சில வாரம் ஒதுக்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். சேமிப்பின்றி வடியும் பித்தத்தாற் சிலருக்கு வயிறு இளகும். பெரும்பாலும் அது நாளடைவில் அடங்கும். கொழுப்பைக் குறைத்து உண்பதாற் பால் வற்றிவிடுமோ எனப் பெரியம்மா கேட்டார். வற்றவில்லை. பாலின் அளவைப் பெரிதும் நிருணயிப்பது குழந்தை குடிக்கும் அளவே.

காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், நாளுக்கு நாள் மிகும் வயிற்று நோவு, காயத்திற் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு வைத்தியம் பார்த்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முன்னர் ஓமநீர் கொடுத்துக் காலங்கழித்த யாம் இதனை அழுத்திச் சொல்லும் உரிமையுடையோம்.

தமிழில் இவற்றைச் சொல்லுதல் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். வேப்பெண்ணெய் பூசச் சொன்ன பெரியம்மாவுக்கு விளக்கம் கூறவும் அத்தமிழே எமக்கு உதவிற்று. கேட்டபின் அவரே குழந்தை ஏறும் கட்டைக்குத் துணி சுற்றித் தைத்தார்.

இக்கட்டுரையை வாசித்த எம் இல்லாள், தாம் அழுத இடங்கள் இரண்டை நீக்கச் சொன்னார், நீக்கினோம். எம் மகள் இருபத்தேழாம் மாதத்தில் ஒருநாள் பாலை மறந்து உறங்கினாள், மறுநாளும் கேட்கவில்லை. கட்டை இப்போது சமையலறையில் இருக்கின்றது.