கேட்பதற்கு முன்பே போடப்படும் பாதை

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலைப் பாறையில் சுரங்களை வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நம் உடலும் ஒலியை அப்படித்தான் வரிசைப்படுத்துகிறது. உள்காதில் நத்தை வடிவில் சுருண்டிருக்கும் உறுப்பின் அடிப்பகுதி கீச்சுக்குரலையும், உச்சிப்பகுதி கனத்த குரலையும் வாங்கிக்கொள்கிறது. அந்த வரிசை குலையாமல் நரம்பு வழியே மூளை வரை போகிறது.

இந்தப் பாதையைக் கருவிலேயே போடுபவை மரபணுக்கள். ஏடோஎச்1 என்ற மரபணுவை நீக்கிய எலிக்கு, ஒலியை உணரும் மயிர்செல்கள் முளைப்பதில்லை. நியூரோஜெனின்1 இல்லாவிட்டால் காது நரம்பின் செல்களே உருவாவதில்லை. இன்னும் வியப்பான ஒன்றை 2007-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். காது கேட்கத் தொடங்காத எலிக்குட்டியின் உள்காது, வெளியே சத்தமே இல்லாதபோதும் தானாகத் துடித்து நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. மூளையின் கேட்கும் சுற்றுகள் இப்படித்தான் பழகத் தொடங்குகின்றன.

பிறவிக் காதுகேளாமைக்கு அடிக்கடி காரணமாவது ஜிஜேபி2 என்ற மரபணு. அந்தத் தொடர்பு 1997-இல் தெரியவந்தது. அதன் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் பெரும்பாலும் காதுக்குக் கேடில்லை. தாய், தந்தை இருவரிடமும் அப்படி ஒரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் காது கேளாமல் போக. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பழுது இருபுறமும் வந்து சேர்வது எளிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் சொந்தத்தில்தான் நடந்திருக்கின்றன. இருந்தும் ஊர் தாயை மட்டுமே குறை சொல்கிறது. அது அநியாயம். பழுது இருவர் வழியாகவும் வந்தது.

ஜிஜேபி2 பழுதில் காது நரம்பு பெரும்பாலும் கெடுவதில்லை. அதனால் அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவியைப் பொருத்தினால் நல்ல பலன் உண்டு. ஆனால் மூளை நெடுங்காலம் காத்திருக்காது. மூன்றரை வயதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்தால் கேட்கும் சுற்றுகள் ஏறக்குறைய இயல்பாக வளர்கின்றன என்று ஆய்வாளர் அனு சர்மாவின் ஆய்வுகள் காட்டின. ஏழு வயதுக்குமேல் அது மிகக் கடினம். கேட்பதற்கான இடத்தைப் பார்வை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். சைகைமொழியையும் ஒதுக்க வேண்டாம். அதுவும் முழுமையான மொழிதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கருவி பொருத்தப்படுகிறது. பிரசவம் அறந்தாங்கியில் நடந்தாலும் கந்தர்வகோட்டையில் நடந்தாலும், வீடு திரும்புமுன் உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தூங்கும் குழந்தைக்குச் சில நிமிடங்களில், வலியின்றி முடிந்துவிடும். அதில் தேறாவிட்டால் மூன்று மாதத்துக்குள், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும்.