உறக்கமும் நோய் எதிர்ப்பாற்றலும்: உடனிருப்போரின் கவனத்திற்கு

காலையில் வார்டைச் சுற்றி வரும்போது, நோயாளியின் நலத்தைக் கேட்டறிந்தபின் கட்டிலருகே நிற்கும் உறவினரிடமும் ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கம்: “நீங்கள் தூங்கினீர்களா?” பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். “பொட்டுத் தூக்கம் இல்ல சார். அது கெடக்கட்டும், அப்பாவுக்கு எப்படி இருக்கு?” ‘அது கிடக்கட்டும்’ என்று ஒதுக்கிவிடக் கூடாத செய்தி அது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தின்போது, மனஅழுத்தத்தில் மிகுந்து சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மிகக் குறைந்த அளவில் இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும். அவ்வேளையில் டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் இரத்தத்தை விட்டு நீங்கி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களை நாடிச் செல்கின்றன. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் ஊரில் சொல்வது இக்கணுக்கள் வீங்குவதைத்தான். உடலுக்குள் நுழைந்த கிருமியின் அடையாளம் அங்கே அவற்றுக்குக் காட்டப்படுகிறது. அந்தக் கிருமி மறுமுறை வந்தால் இனங்கண்டு எதிர்ப்பதற்கான நினைவும் அங்கேயே உருவாகிறது. நடுநடுவே உறக்கம் கலைந்தால் இந்தப் பணியும் குலைகிறது.

தடுப்பூசி ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள், ஹெப்பட்டைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொண்டோரில் ஒரு பிரிவினரை அன்றிரவு வழக்கம்போல் உறங்கச் செய்தனர். மற்றவர்களை விழித்திருக்கச் செய்தனர். நான்கு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, உறங்கியோரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன. 2003-இல் வெளிவந்த சிறிய ஆய்வு இது. எனினும், ஐப்பசி மழைக்கு முன் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடும்போது, அன்றிரவு நன்றாக உறங்குமாறு நாங்கள் சொல்லி அனுப்புவதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்து 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு உடனிருப்போருக்கு இன்னும் நெருக்கமானது. நலமாக இருந்த 153 பேரிடம் 14 நாட்கள் அவர்களது உறக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பதிந்தபின், சளி உண்டாக்கும் வைரஸை மூக்கில் சொட்டாக இட்டனர். 7 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியோருக்கு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியோரைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. படுத்திருந்த நேரத்தில் 92 சதவீதத்துக்கும் குறைவாக உறங்கியோருக்கோ, ஏறக்குறைய முழு நேரமும் உறங்கியோரைவிட அவ்வாய்ப்பு 5½ மடங்கு. எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்பதைவிட, எவ்வளவு கலையாமல் உறங்கினோம் என்பதே இங்கு கூடுதலாகக் கணக்கில் வந்தது.

படுக்கையில் கிடந்த நேரமெல்லாம் உறக்கம் ஆகாது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி உறக்கத்தை அளந்த பொருளியல் ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. இரவில் சுமார் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும், அவர்கள் உறங்கியது 5½ மணி நேரம்தான். நோய் எதிர்ப்பாற்றலை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் வெப்பமும் இரைச்சலும் கொசுவும் நம் இரவுகளை எவ்வளவு அரித்துவிடுகின்றன என்பதைக் காட்டியது. இரவு உறக்கத்தை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டியதில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. பணியிடத்திலேயே பகலில் சற்று நேரம் உறங்க இடமளித்தபோது வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன.

வார்டின் இரவு அந்த வீடுகளின் இரவைவிட மோசமானது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய்க்கு மென்மையில் பெரும்பெயர் உண்டு. வார்டில் விரிப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக் பாய். அதுவும் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே. முக்கூடல், மேலப்பாளையம் பக்கமிருந்து வரும் பெண்களில் சிலர், பகலெல்லாம் இங்கிருந்துவிட்டு வீடு திரும்பியதும் பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்கின்றனர். இப்படிச் சில வாரங்கள் சென்றால் உடனிருப்பவரே சளியோ காய்ச்சலோ பற்றிப் படுக்க நேரிடும். புற்றுநோய்ச் சிகிச்சையிலோ சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிந்தைய மருந்துகளிலோ இருக்கும் நோயாளிக்கு அந்தச் சாதாரணச் சளியே நிமோனியாவாக முற்றக்கூடும். ஆகவே ஒருவரே எல்லா இரவுகளும் தங்க வேண்டாம். இருவர் மாறிமாறித் தங்குங்கள். அதற்கு வழியில்லையெனில், பிற்பகல் 3 மணிக்குள் அரை மணி நேரம் உறங்கிக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளுமாறு செவிலியரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

நோயாளியின் உறக்கத்தைக் கலைப்பதில் எங்களுக்கும் பங்குண்டு. நள்ளிரவு ஊசி, விடியற்காலை இரத்தப் பரிசோதனை, அணையாத விளக்கு என்று பல. இயன்றவரை இவற்றை ஒரே வேளையில் முடிக்கச் செவிலியரைக் கேட்கலாம். மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் எடுத்தால் உறக்கம் கெடும். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் எடுத்தால் இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். வேளையை நீங்களாக மாற்றாமல், காலைக்கு மாற்றலாமா என்று எங்களிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையைக் கடையில் நேரடியாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. முதியோர் கழிப்பறைக்குச் செல்லும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், நுரையீரல் நோயாளிக்கு மூச்சு மந்தமாவதும் அதனால் நேரும்.

காய்ச்சல் கண்டவர் ஓயாமல் உறங்குவதைக் கண்டு அஞ்சுவோர் பலர். கிருமியை எதிர்க்கும் செல்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் மூளையை எட்டி உறக்கத்தை வரவழைக்கின்றன. ஹார்லிக்ஸ் கொடுப்பதற்காக அவரை அடிக்கடி தட்டி எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் எழுப்பியும் எழாவிட்டாலும், எழுந்தவர் ஆளையோ இடத்தையோ தெரியாமல் குழறினாலும், மூச்சு வாங்கினாலும் அது சாதாரண உறக்கமன்று. உடனே செவிலியரை அழையுங்கள். பலத்த குறட்டையின் நடுவே மூச்சு சில நொடிகள் நின்று, திணறலுடன் மீண்டும் வருவதைக் கண்டால், காலையில் மறவாமல் எங்களிடம் சொல்லுங்கள். உறங்குபவருக்கு அது தெரியாது. அருகில் விழித்திருந்த உங்களுக்கு மட்டுமே தெரியும்.