மீன் தலை எந்தப் பக்கம்?

பைக் செயினைக் கழற்ற உட்காரும் மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே எதையோ தேடுவார். நூற்றுச் சொச்சம் கண்ணிகள் ஒன்றுபோலவே கடந்து போகும். ஒன்றே ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு மெல்லிய தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனை உருண்டு மூடியிருக்கும், மறுமுனை வால்போலப் பிளந்திருக்கும். அதைக் கண்டதும் கை நின்றுவிடும். பட்டறைகளில் அந்தக் கண்ணிக்குப் பெயர் ‘செயின் லாக்’. மீன் வடிவத் தகடுதான் கிளிப்.

முதன்முதலாக அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூடத் தேறுமா என்றிருக்கும் இந்தத் தகட்டை நம்பியா வண்டி ஓடுகிறது?

கணக்குப் போட்டால் பயம் கூடத்தான் செய்யும். சாதாரண 100 சிசி வண்டியின் என்ஜின் ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியரில் அது பத்து மடங்குக்கு மேல் பெருகி முன்பக்கப் பல்சக்கரத்துக்கு வந்து சேரும். பத்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம்: 80 நியூட்டன் மீட்டர். 14 பல் கொண்ட அந்தச் சக்கரத்தின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. வகுத்தால், செயினை இழுக்கும் விசை சுமார் 2,800 நியூட்டன். 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் பதினொன்றைச் செயினில் கட்டித் தொங்கவிட்டதுபோல.

இந்தச் சுமையில் ஒரு கிராம்கூட கிளிப்பின் மேல் விழுவதில்லை என்பதுதான் இதன் அழகு. இழுவை செயினின் நீளவாக்கில் ஓடுகிறது. அதைத் தாங்குபவை லாக்கின் இரண்டு பின்களும் இரண்டு பக்கத் தகடுகளும். கிளிப்புக்கு இருப்பது ஒரே வேலை: கழற்றி மாட்டக்கூடிய வெளித்தகடு பக்கவாட்டில் நழுவி வந்துவிடாமல் காவல் நிற்பது. கதவின் பாரத்தைக் கீல்கள் சுமக்கும், தாழ்ப்பாள் சுமக்காது. ஆனால் தாழ்ப்பாள் போனால் கதவு திறந்துகொள்ளும்.

அப்படியானால் செயினில் இந்தத் திறப்பு எதற்கு? முழு வளையமாகவே செய்து மாட்டிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயின் வளையத்துக்கு உள்ளே புகுந்து போகிறது. முழு வளையத்தை வெளியே எடுக்க ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டும். ஓரிடத்தில் திறந்து மூட முடிந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் வண்டியில் பாதியைப் பிரிக்க வேண்டும்.

செயின் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வருவது. உள்கண்ணியில் புஷ் எனும் இரண்டு குழாய்களும் அவற்றின் மேல் உருளும் ரோலர்களும் இருக்கும். வெளிக்கண்ணியின் பின்கள் அந்தப் புஷ்களுக்குள் நுழையும். லாக் என்பது கழற்றத் தக்க ஒரு வெளிக்கண்ணி. அதனால்தான் பைக் செயின்களில் கண்ணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில் வரும். புஷ் வைத்த இந்த அமைப்பைத் தந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். அதற்கு முந்தைய செயின்களில் பாரம் முழுவதும் பின்னின் குறுகலான ஓரிரு இடங்களில் விழுந்து சீக்கிரம் தேய்த்துவிட்டது. 1880இல் அவர் ஒரு குழாயை இடையில் செருகி, பாரத்தைப் பின்னின் நீளம் முழுக்கப் பரப்பினார். கோயம்புத்தூரில் எல்.ஜி.பி. நிறுவனம் ‘ரோலான்’ என்ற பெயரில் தயாரிக்கும் செயினிலும் இன்று இருப்பது அதே அமைப்புதான்.

இப்போது லாக்கின் பயணத்தைக் கவனியுங்கள். 104 கண்ணிச் செயின், பின்னால் 44 பல், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் லாக் வினாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை முழுச் சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல் ஓட்டத்தில் இழுபடும், கீழ் ஓட்டத்தில் தளரும். ஒரு மணி நேரத்தில் பதிமூன்றாயிரம் முறைக்கு மேல் இறுக்கமும் தளர்வும். இரும்புக் கம்பியை ஒடிக்க வேண்டுமென்றால் நாம் இழுப்பதில்லை, முன்னும் பின்னும் வளைக்கிறோம். உலோகம் களைத்துப்போவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

லாக் வாங்கும்போது கடைக்காரர் பொதுவாகச் சொல்லாத ஒரு விஷயம் இங்கேதான் வருகிறது. சில லாக்குகளில் வெளித்தகட்டை விரலாலேயே செருகிவிடலாம். வேறு சிலவற்றில் துளை பின்னைவிட மயிரிழை சிறியதாக இருக்கும், அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். விரலால் ஏறுவது வசதி, அழுத்தி ஏற்றுவது உறுதி. அழுத்தி ஏற்றிய தகட்டில் துளையைச் சுற்றியுள்ள உலோகம் எப்போதும் விறைப்பாகவே நிற்கும். இழுவை வந்து வந்து போனாலும் அங்கே ஏற்ற இறக்கம் குறைவு, விரிசல் தொடங்குவதும் தள்ளிப்போகும். கிளிப்பே தெறித்துப்போனால்கூட அந்தத் தகடு உடனே நழுவிவிடாது. என்னைக் கேட்டால், நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் அழுத்தி ஏற்றுவதையே வாங்க வேண்டும். விசை மிகுந்த பெரிய வண்டிகளில் கிளிப்பே வேண்டாம். பின்னின் முனையை அதற்கான கருவியால் விரித்து ரிவிட் அடிக்கும் லாக்தான் அவற்றுக்குச் சரி.

செயின் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். 520, 525, 530 மூன்றிலும் முதல் இலக்கம் ஐந்து. அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மில்லிமீட்டர். நீளத்தில் ஒன்றுதான். அகலத்தில் 6.35, 7.94, 9.53 என்று வேறுபடும். ஒன்றின் லாக் மற்றதற்குச் சேராது. எண் ஒன்றாகவே இருந்தாலும் பின்னின் கனமும் தகட்டின் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செயின் எந்தக் கம்பெனியோ, எந்த மாடலோ, லாக்கும் அதுவே. ஓ-ரிங் செயினுக்கு அதற்குரிய லாக் தனி. பின்கள் சற்று நீளமாக இருக்கும், கூடவே நான்கு ரப்பர் வளையங்கள் வரும். அவற்றுக்குள் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும்.

தேய்ந்த செயினுக்குப் புது லாக் போட்டுப் பயனில்லை. ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோமே, தகடு இழுபட்டு நீளவில்லை. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் 104 மூட்டுகளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது.

மாட்டுவதற்கு நல்ல இடம் பின்பக்கப் பல்சக்கரத்தின் மேல். செயினின் இரு நுனிகளையும் பற்களே சரியான இடைவெளியில் பிடித்துக்கொடுக்கும். ஓ-ரிங் லாக் என்றால் ரப்பர் வளையங்கள் இரண்டைப் போட்டு, பின்புறமிருந்து பின்களைச் செருகி, மீதி இரண்டு வளையங்களையும் தகட்டையும் ஏற்றுங்கள். பின் நுனிகளில் இருக்கும் பள்ளம் முழுதாகத் தெரியும்வரை அழுத்த வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் ரப்பர் நசுங்கிக் கண்ணி மடங்காது.

கிளிப்பின் திசைக்கு வருகிறேன். சாலையோரப் பட்டறை ஒன்றில் என் செயினைக் கழுவி மாட்டியபோது கிளிப்பைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணெய் விடக் குனிந்தால் கிளிப் இல்லை. தகடு பாதி தூரம் வெளியே வந்திருந்தது. அது விழுந்து, செயின் அறுந்து முன்பக்கப் பல்சக்கரத்தில் சுருண்டிருந்தால் என்ஜின் உறையே உடைந்திருக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நானும் விழுந்திருப்பேன். அதைச் சரிசெய்து தந்த முதிய மெக்கானிக், “மீனு வாலால நீந்துமா தம்பி? தலைய முன்னாடி வையி” என்றார்.

அவர் கிளிப்பை மாட்டியதை நெருங்கி நின்று பார்த்தேன். நோஸ் பிளேயரின் ஒரு தாடையை மீனின் தலையில் வைத்தார், மறுதாடையைப் பின்னால் இருக்கும் பின்னில். கிளிப் தெறிக்காமலிருக்க மேலே இடது கையால் ஒரு துணி. அழுத்தினார், ‘டக்’ என்று வால் விரிந்து பின்னைக் கவ்வியது. கழற்றுவதற்கு நேர்மாறு: தாடையை வாலில் வைத்து முன்னே தள்ள வேண்டும். காரணம் எனக்கு அந்த நொடியில் புரிந்தது. வால் முன்னே இருக்கும்படி மாட்டினால், எதிர்ப்படும் கல்லோ குச்சியோ வாலைத் தள்ளி, கழற்றும் பிளேயரின் வேலையை அப்படியே செய்துவிடும். தலை முன்னே இருந்தால் அதே அடி கிளிப்பை மேலும் உள்ளேதான் செலுத்தும்.

திசை என்பது செயின் ஓடும் திசை. மேல் ஓட்டத்தில் செயின் என்ஜினை நோக்கிப் போகிறது, கீழ் ஓட்டத்தில் பின்சக்கரத்தை நோக்கி. ஆகவே லாக் மேலே நிற்கும்போது மீன் தலை முன்னே பார்க்க வேண்டும், கீழே நிற்கும்போது பின்னே. பழைய கிளிப்பை மறுபடி மாட்ட விடாதீர்கள். ஒருமுறை விரிந்த வாலுக்குப் பிடிப்பு குறைவு. அடுத்த முறை செயின் வேலை முடிந்து சாவியை வாங்கும்போது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த மீனைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.