வேறு வழியிற் கற்கும் பிள்ளைகள்

மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற பூநகரியில், நிலத்தின் குணமறிந்து விதைப்பது உழவர் வழக்கம். விளைவு குறைந்த ஆண்டில் மண்ணையும் மழையையும் ஆராய்வார்களேயன்றி, நெல்லை ஏசுவார் எவருமில்லர். ஆனால், அதே ஊரில் எழுத்து ஏறாத பிள்ளைக்கு 'மொக்கு' என்ற பட்டம் எளிதிற் கிடைத்துவிடுகிறது. பேச்சு வராத பிள்ளையோ, விருந்தினர் வரும் வேளையில் உள்ளறைக்கு அனுப்பப்படுகிறது. பயிருக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டாதிருப்பது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தகைய பிள்ளைகளிடையே இருவகையினரை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒருவகையினர், நல்ல அறிவிருந்தும் வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் இடர்ப்படுபவர்கள். மற்றவகையினர், ஓட்டிசம் எனப்படும் இயல்போடு பிறந்தவர்கள். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். பிறரோடு பேசுவதும் பழகுவதும் இவர்களுக்கு வேறு விதமாக அமைகின்றன. ஒரே பிள்ளையிடம் இவ்விரண்டும் சேர்ந்திருத்தலும் உண்டு.

வாசிப்பு இடர்பாட்டைப் பற்றி 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதினார். அவர் கண்ட பேர்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் விளையாட்டிலும் கணக்கிலும் கெட்டிக்காரன். ஆயினும் தன் பெயரையே பிழையாக எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியில் இவனே முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியிருந்தார். குறை அறிவில் இல்லை, அறிவு நுழையும் ஒரு வாயிலில் மாத்திரமே உளது என்பதை அவ்வாசிரியர் கண்டுகொண்டார்.

தமிழெழுத்திலும் இத்தகைய பிள்ளைக்குத் தனி இடர்கள் உள. 'கெ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ மெய்யே முந்துகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் சூழ்ந்து நிற்கிறது. ஏனைய பிள்ளைகள் சில மாதங்களிற் கடந்துவிடும் இத்தடையை, இப்பிள்ளை ஆண்டுகள் சென்றும் கடவாது தவிக்கும். பிரம்பு இதற்கு மருந்தாகாது. எழுத்தை மணலில் விரலால் எழுதி, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லி, சிறிது சிறிதாக நாள்தோறும் பயிலச் செய்தலே வேண்டும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பயின்ற வழக்கத்தை, கண்ணும் காதும் விரலும் ஒருங்கே தொழிற்படும் முறையென இக்காலத்துக் கல்வியறிஞரும் போற்றுகின்றனர்.

ஓட்டிசத்தை ஒரு தனி இயல்பாக வகுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவிற் பணிபுரிந்த லியோ கானர் என்னும் வைத்தியர். 1943இல், பதினொரு பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். பின்வந்த காலத்தில், அன்பில்லாத தாயே இதற்குக் காரணம் என்றொரு கொடிய கருத்து மேல்நாடுகளிற் பரவிற்று. ஓட்டிசமுடைய மகனுக்குத் தந்தையாகிய பெர்னாட் ரிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர் 1964இல் நூலொன்றெழுதி அதனை மறுத்தார். மூளையின் வளர்ச்சியே இதற்கு அடிப்படை என்பதும், பரம்பரைக் கூறுகளுக்கு இதிற் பெரும்பங்குண்டு என்பதும் இன்று தெளிவாகியுள்ளன.

இவ்வுண்மை வன்னி மண்ணிற் பன்முறை சொல்லப்படவேண்டியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து அலைந்த சிறுவர் சிறுமியர் பலர் இன்று தாய்தந்தையராயுள்ளனர். தம் பிள்ளை பேசாதிருப்பதைக் காணும்போது, அன்று தாம் பட்ட துயரமே இன்று பிள்ளையைப் பற்றியதோ என்று ஒரு தாய் மனம் நொந்துகொள்வாள். அயலவரோ தோஷம் என்பர். கணவன் வீட்டார் அவளையே குறைகூறுவர். அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கோயிலில் வைக்கும் நேர்த்தி அவள் மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால், அதன்பொருட்டு வைத்தியரிடம் செல்லுங் காலம் பிந்துதல் ஆகாது.

கானர் எழுதிய பதினொருவருள் முதல்வர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றில் 1933இற் பிறந்தவர். சிறுவனாக இருந்த காலத்தில் இவர் ஓர் உழவர் குடும்பத்தில் வாழ விடப்பட்டார். எதையும் அளந்துகொண்டேயிருப்பது அச்சிறுவனின் பழக்கம். அவ்வுழவர் அதனைத் தடுக்கவில்லை. கிணறொன்றை வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி பணித்தார். சோள வரிசைகளை ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார். 1945இல் அங்குச் சென்ற கானர், அக்குடும்பத்தாரின் மதிநுட்பத்தைக் கண்டு வியந்தார். அயலிலிருந்த கிராமப் பள்ளியும் அவனை உள்ளபடியே ஏற்றுக்கொண்டது. பின்னாளில் டொனால்ட் பட்டம் பெற்று, வங்கியிற் பணியாற்றி, ஊராரின் அரவணைப்பில் வாழ்ந்து, 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார். ஒரு கலப்பையும் கிணறும் பொறுமையும் கொண்டு அவ்வுழவர் செய்த பணி, பூநகரி உழவருக்கும் இயலாத பணியன்று.

இலங்கையில் நகரஞ் சார்ந்த பகுதியொன்றில், 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. ஆகவே, இஃது எங்கோ ஒரு வீட்டின் செய்தியன்று. ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலாற் சுட்டிக் காட்டாமை, முகம் நோக்காமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறுதல் வேண்டும். முதலிற் பிள்ளையின் செவிப்புலனைச் சோதிப்பித்தலும் அவசியம். 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின், யாழ்ப்பாணத்துக்குச் செல்ல முன்போற் படகுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. இதனை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆனால், இளமையிலே தொடங்கும் பயிற்சி பேச்சையும் பழக்கத்தையும் வளர்க்கும்.

பாடசாலையிற் செய்யத்தக்கவற்றுட் பல செலவில்லாதவை. அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுக்கலாம். மணியோசைக்கும் இரைச்சலுக்கும் அஞ்சும் பிள்ளையை அவற்றுக்குத் தொலைவான வாங்கில் இருத்தலாம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை வகுப்பின்முன் நிறுத்தாமல், விடையை வாய்மொழியாகக் கேட்கலாம். சக மாணவன் ஒருவனைத் துணையாக்கலாம்.

இவை இரக்கத்தால் வழங்கப்படும் சலுகைகள் அல்ல. இலவசக் கல்வி 1945இல் இந்நாட்டிற் பிறந்தது. உடல், உளக் குறைபாட்டைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதியில் எவருக்கும் பாரபட்சம் செய்யலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமாகும். இவ்விதிகளில் பேசாத பிள்ளைக்கு விலக்கில்லை.

ஆயினும் சட்டம் பாடசாலைக் கதவையே திறக்கும். ஊரின் கதவைத் திறக்க வேண்டியவர் ஊரார். திருவிழாவுக்கும் திருமண வீட்டுக்கும் அப்பிள்ளையை அழைத்து வரும் தாயிடம், 'ஏன் கூட்டி வந்தாய்?' என்று கேளாமல் பக்கத்தில் ஓர் இடம் கொடுப்போமாயின், உள்ளறையில் இருந்த பிள்ளை முற்றத்துக்கு வரும். அதன் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.