398 படி ஏறினால் பியூஜி தரிசனம்

டோக்கியோவிலிருந்து மேற்கே செல்லும் ரயிலில் ஓட்சுகி வரை போய், வண்டி மாறி ஷிமோயோஷிடா ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சற்று நடந்தால் அரகுராயாமா குன்று. 398 படிகள். உச்சியில் சிவப்பு வண்ண ஐந்தடுக்குக் கோபுரம்; எதிரே 3,776 மீட்டர் உயரப் பியூஜி மலை. சித்திரை பிறக்கும் வாக்கில் செர்ரி பூத்துவிட்டால் காமிராவுடன் நிற்க இடம் கிடைக்காது.

பல நூற்றாண்டுக் கோயில் என்றே பலர் எண்ணுகிறார்கள். கட்டியதோ 1963ல். போர்களில் மாண்ட பியூஜியோஷிடா ஊர்க்காரர்களின் நினைவுச் சின்னம் இது. படமெடுக்கும் அவசரத்தில் அதை யார் விசாரிக்கிறார்கள்?

படமெடுக்கும் மேடை கோபுரத்துக்குப் பின்னால், இன்னும் மேலே. அங்கிருந்து பார்த்தால் கோபுரத்துக்கும் மலைக்கும் நடுவே, மாண்டவர்கள் விட்டுச் சென்ற ஊரின் வீட்டுக் கூரைகள் தெரிகின்றன.