ஹீட்டர் ராடும் வீட்டு வயரிங்கும்: காப்பும் உரிமையும்

வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து வெந்நீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு, கீசர் வாங்கவோ அதைச் சுவரில் பொருத்தவோ வசதியில்லாத வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் பரவலாகப் புழங்குவதாகும். கீசரில் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட்டும், அது பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உண்டு. சாதாரண ராடில் இவற்றுள் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அதைக் கையாள்பவரின் உயிருக்குக் காவலாக நிற்க வேண்டியவை சுவருக்குள் ஓடும் வயரிங்கும் மெயின் போர்டில் உள்ள காப்புக் கருவிகளுமே. விபத்து நேர்ந்தவுடன் ‘கவனக்குறைவு’ என்று பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடும் வழக்கம், அந்தக் காவலை அமைத்துத் தர வேண்டியவர்களின் பொறுப்பை மறைத்துவிடுகிறது.

ராடின் உள்ளே நிக்ரோம் கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்தூள் இறுக்கமாக அடைக்கப்பட்டு, மேலே உலோகக் குழாய் மூடியிருக்கும். இந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். தண்ணீரில் வைக்காமல் சுவிட்சைப் போடுவதாலும், உப்புத்தண்ணீரால் குழாயின் மேல் வெள்ளைப் படிவு தடித்துப்போவதாலும் குழாய் அளவுமீறிச் சூடேறி விரிசல் காண்கிறது. அதன் வழியே ஈரம் புகுந்ததும் தூள் தன் தடுப்பாற்றலை இழக்க, மின்சாரம் குழாய்க்கும் தண்ணீருக்கும் கசிகிறது. அப்போதும் ராடு வழக்கம்போல் வெந்நீர் காய்ச்சிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள பெரும் ஆபத்து.

இத்தகைய கசிவை எம்.சி.பி. தடுத்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். அது தவறான நம்பிக்கை. எம்.சி.பி. என்பது மிகைச்சுமை, ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றிலிருந்து வயரைக் காப்பதற்கு அமைந்த கருவி. நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் உடல் வழியே 230 மில்லிஆம்பியர் மின்சாரம் பாயும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது, ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல. மனித உயிரைக் காப்பதற்கென்றே உள்ள கருவி ஆர்.சி.டி. எனப்படும் கசிவு மின்தடுப்பான் ஆகும். பேஸ் வழியே செல்லும் மின்சாரத்தையும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்சாரத்தையும் இது ஓயாமல் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் வயரும் முறையாக இருக்குமானால், ராடில் கசிவு தோன்றியதுமே, யாரும் தொடுவதற்கு முன்பாகவே ஆர்.சி.டி. ட்ரிப் ஆகும், எர்த் இல்லாத வீட்டில், பெரும்பாலும் மனித உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பிறகே அது செயல்படும். எனவே மூன்றாவது முள்ளை வெட்டி எறிவதும், மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் மாட்ட உதவும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்துவதும் இந்தக் காப்பைத் தன் கையாலேயே அழித்துக்கொள்வதாகும்.

1500 வாட் ராடு ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்சாரத்தை இழுப்பதால், 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ அதைச் செருகும்போது பிளக் கருகி, சாக்கெட் இளகித் தீப்பிடிக்கும் நிலை உருவாகிறது. அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், மெயின் போர்டிலிருந்து தனியே வரும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, பேஸ் வயரில் அமைய வேண்டும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியுள்ள சாக்கெட்டில், சுவிட்சை அணைத்த பின்னும் ராடில் மின்சாரம் இருக்குமாதலால், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்பது விலக்கில்லாத விதி. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர இத்தகைய ராடுக்குச் சுமார் 18 நிமிடம் ஆகும். தானாக அணையும் வசதி அதில் இல்லை என்பதால், அந்த நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருப்பதும் குழந்தைகளை அண்டவிடாமல் பார்ப்பதும் இன்றியமையாதவை. உலோக வாளியை அறவே தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியிலும் ராடு பக்கச் சுவரைத் தொடாதபடி தொங்க வேண்டும்.

இவ்வகை ராடுகளுக்கு ஐ.எஸ். 368 என்னும் இந்தியத் தரநிலை உண்டு; ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி அவற்றை விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. முத்திரையோடு அச்சிடப்பட்டிருக்கும் சி.எம்./எல். உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம், புகாரும் செய்யலாம். குறையுள்ள பொருளால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரிடமிருந்தும், உரிய சூழல்களில் விற்பனையாளரிடமிருந்தும் இழப்பீடு கோர வழிவகுக்கிறது. வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். அதற்கு ரசீதும் பழுதான ராடும் சான்றுகளாதலால் இரண்டையும் எறிந்துவிடலாகாது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் முதற்கட்ட வழிகாட்டுதலை அளிக்கிறது.

வாடகைதாரருக்கும் சட்டத்தின் துணை உண்டு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், உடன்படிக்கையில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, வீட்டு மின்வயரிங்கைப் பராமரிக்கும் பொறுப்பை உரிமையாளரிடமும், சுவிட்ச், சாக்கெட் பழுதுகளை வாடகைதாரரிடமும் வைக்கிறது. எனவே எர்த் அமைத்துத் தரும்படி எழுத்தில் கேட்பதைச் சலுகை கேட்பதாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஆர்.சி.டி. பொருத்துவது கட்டாயம் எனத் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டே அறிவிக்கப்பட்டிருப்பதையும் அக்கடிதத்தில் சுட்டலாம்.

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் இழுக்காமல், முதலில் மெயினை அணைத்துவிட்டு 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மின்விபத்தின் காரணத்தை மின் ஆய்வாளர் விசாரிக்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 161 இடமளிக்கிறது. இழப்பீட்டு வழக்கில் அந்த விசாரணை அறிக்கை வலுவான சான்றாகும். ராடு பயன்படுத்தும் ஒவ்வொரு குடும்பமும் மாதம் ஒருமுறை ஆர்.சி.டி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் அது ட்ரிப் ஆகவில்லை என்றால், உரிமம் பெற்ற மின்கம்பியாள் வந்து சரிசெய்யும்வரை ராடை எடுக்கவே கூடாது.